தோள் பட்ட இடம்

உறையூரில் ஒரு கதவு இருந்தது. ஒரே ஒரு தோளுக்குத்தான் அது திறக்கும்.

அந்தத் தோள் தபால்காரர் தாயுமானவனுடையது. முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் அவர் வீடு கட்டியபோது, "வேங்கை மரம் ஜோரா இருக்கு. ஆனா ஈரம் இன்னும் போகலை, மூணு மாசம் காயட்டும்" என்று ஆசாரி தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். தாயுமானவன் கேட்கவில்லை. கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாயிற்று, பத்திரிகையும் அடித்தாயிற்று. கதவு ஈரத்தோடு நிலையில் ஏறியது. அன்று முதல் அதன் கீழ்மூலை நிலையைக் கவ்விக்கொண்டு விடாமல் அடம்பிடிக்கும். கைப்பிடியைச் சற்றே தூக்கி, வலது தோளால் ஓர் இடி இடித்தால், 'ம்' என்று ஒரு முனகலோடு திறக்கும்.

இடித்து இடித்து, தோள் படும் இடத்தில் வார்னிஷ் தேய்ந்து, ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மரம் வெளுத்துப்போயிருந்தது. அந்த இடத்தைப் பற்றிக் கதவுக்கு ஒரு பக்கம் வெட்கம், ஒரு பக்கம் கர்வம். சாயங்காலம் தோள் இடிக்கும் சத்தம் கேட்டால் போதும், தாயுமானவன் மனைவி அகிலாண்டம் எட்டிக்கூடப் பார்க்காமல் காபிக்குப் பால் வைத்துவிடுவாள்.

கதவை மட்டும் சொல்வானேன். அந்த வீட்டில் எல்லாமே அப்படித்தான். கூடத்துச் சுவிட்சை ஒரு தரம் தட்டினால் விளக்கு எரியாது, இரண்டாம் தரம் தட்ட வேண்டும். கொல்லைப்புறத்து மோட்டாருக்குத் தலையில் மூன்று தட்டு தட்டினால்தான் தண்ணீர் ஏற்ற மனம் வரும். இவை கெட்டுப்போய்விட்டன என்று தாயுமானவன் ஒரு நாளும் நினைத்ததில்லை. அவர் கைக்கு எல்லாம் ஒழுங்காகத்தானே வேலை செய்தன!

மனக்குறையோடு அந்த வீட்டில் இருந்தது ஒரே ஓர் ஆள்தான். வாசலில் இருந்த அழைப்பு மணி.

"ஊர்ல இருக்கிற மணியெல்லாம் அழுத்தி 'போஸ்ட்'னு குரல் குடுக்கிறார். சொந்த வீட்டு மணியை ஒரு நாளாவது தொட்டாரா?" என்று அது அடிக்கடி புலம்பும்.

"அவர் எதுக்கு உன்னைத் தொடணும்? இது அவர் வீடு. அவருக்கு நான் போதும்" என்று கதவு நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளும்.

இப்படிச் சொகுசாகப் போய்க்கொண்டிருந்த நாளில்தான் வீட்டை விற்கிற பேச்சு வந்தது.

அகிலாண்டத்துக்கு முழங்கால் வலி. வாசலுக்கு ஆறு படி, கொல்லைக்கு நாலு படி, அவளால் முடியவில்லை. கரூரில் மகள் தேன்மொழியின் வீட்டை ஒட்டி, படியே இல்லாத ஒரு சின்ன வீடு விலைக்கு வந்தது. தை மாதம் வரைக்கும் காத்திருக்கிறோம் என்று அதன் சொந்தக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். இதைக் கேட்டபோது படிகள் மட்டும் வாயே திறக்கவில்லை. குற்றம் தங்களுடையது என்று அவற்றுக்குத் தெரியும்.

மற்றவை எல்லாம் அழுதன. கதவுதான் தைரியம் சொன்னது. "நல்ல குடும்பமா யாராவது வருவாங்க. பாத்துக்கலாம்."

மறுநாளே ஆள் வந்தார். அவர் அடுக்குமாடி கட்டுகிறவர். இரண்டு பக்கத்து வீடுகளையும் ஏற்கெனவே வாங்கி இடித்துவிட்டவர். உள்ளே கூட வரவில்லை. தெருவில் நின்றபடியே கூரையிலிருந்து படி வரைக்கும் ஒரு பார்வை பார்த்தார்.

"ஐயா, அவசரமே இல்லை. உங்களுக்குப் பிடிச்ச ஆளாத் தேடுங்க. தை பொறக்கிற வரைக்கும் யாரும் வரலைன்னா நான் எடுத்துக்கிறேன். வீடு எனக்கு வேண்டாம், மண்ணு போதும்" என்றார்.

'மண்ணு போதும்' என்ற சொல்லைக் கேட்டதும் கதவுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகக் குளிரெடுத்தது. பக்கத்து வீட்டுக் கதவை லாரியில் ஏற்றிக்கொண்டு போனதை அது பார்த்திருந்தது. விறகுக் கட்டுக்கு மேலே மல்லாந்து கிடந்தது அந்தக் கதவு. அதில் எழுதியிருந்த வீட்டு எண் வானத்தைப் பார்த்துக்கொண்டு போயிற்று.

அன்றே கதவும் சுவிட்சும் மோட்டாரும் மணியும் கூடி ஒரு முடிவு எடுத்தார்கள். தை வருவதற்குள் குடியிருக்கும் குடும்பமாகப் பார்த்து வீடு போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள்.

தாயுமானவனும் அதையேதான் நினைத்தார். பாவம், நினைத்தது சரி. நடந்துகொண்டதுதான் தலைகீழ்.

முதல் காரியமாகக் கூடத்துத் தெற்குச் சுவரைப் பார்த்தார். அங்கே முழங்கால் உயரத்தில் ஓதம் இருந்தது. வெளுத்து, உப்புப் பூத்து, சுண்ணாம்பு உதிர்ந்து, பல வருடமாக ஒருவருக்கும் தொந்தரவு தராமல் சுவரோரம் ஒண்டிக்கொண்டிருந்த பரம சாது. அதை மறைப்பதற்காக ஒரு காலண்டரை மாட்டினார். சாமி படத்தை அவ்வளவு தாழ்வாக மாட்ட மனம் ஒப்பவில்லை. தேடிப் பிடித்து ஓர் அருவிப் படம் போட்ட காலண்டரை மாட்டினார். தண்ணீர்க் கறைக்கு முன்னால் தண்ணீர்ப் படம்! தேதி பார்க்க வேண்டுமென்றால் மண்டியிட வேண்டும்.

முதலில் வந்தவர் ஒரு வங்கி அதிகாரி, மனைவியோடு. அழைப்பு மணியை அழுத்தினார்கள். மணி உற்சாகமாகக் கூவியது. தாயுமானவன் ஓடிவந்து கதவைத் திறந்தார்.

"வாங்க, வாங்க. இருங்க, கதவை நான் சாத்துறேன், நீங்க தொடாதீங்க. இருங்க, லைட்டை நான் போடுறேன். மோட்டாரா? நான் போட்டுக் காட்டுறேன், நீங்க இங்கேயே நில்லுங்க."

வந்தவர்கள் எதைத் தொடப் போனாலும் அவர் கை முந்திக்கொண்டது. ஜன்னலருகே போனால் ஜன்னல் கதை, அடுப்படிக்குப் போனால் அடுப்படிக் கதை. தேன்மொழிக்குக் காது குத்தியது எந்த மூலை, அந்தக் காலத்து வெள்ளத்தில் தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது, ஆசாரிக்கு எத்தனை தடவை வெற்றிலை வாங்கிக் கொடுத்தார், எல்லாம் சொன்னார். வீட்டுக்கு எத்தனை சதுர அடி என்று கேட்டதற்கு மட்டும் பதில் வரவில்லை.

அந்த அம்மாள் குனிந்து பார்த்துவிட்டு, "சார், காலண்டர் ஏன் இவ்வளவு கீழே மாட்டியிருக்கு?" என்று கேட்டாள்.

தாயுமானவன் காலண்டரை நேராக்கினார். "அது... பேரப்பசங்க பாக்கட்டும்னு."

"பேரப்பசங்க இங்கேதான் இருக்காங்களா?"

"கரூர்ல இருக்காங்க."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காபி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

அடுத்தவர் ஒரு ஜவுளிக் கடைக்காரர். ஆள் பரவாயில்லை, வீடும் பிடித்துவிட்டது. போகிற போக்கில், "கதவு ரொம்ப இறுக்கமா இருக்கே, வந்ததும் மொத வேலையா இதை மாத்தணும்" என்றார்.

தாயுமானவன் முகம் சிவந்தது. "கதவை மாத்துவீங்களா? அப்ப விலையில ஒரு லட்சம் கூட்டிக்கங்க."

"என்ன சார், நேத்து ஒரு விலை சொன்னீங்களே?"

"நேத்து நீங்க கதவைப் பத்தி எதுவும் சொல்லலையே!"

அது வழக்கமாகிவிட்டது. சுவிட்சைக் குறை சொன்னால் ஒரு லட்சம், சமையலறை சின்னது என்றால் ஒரு லட்சம். வீட்டைக் குறை சொல்லச் சொல்ல விலை ஏறிக்கொண்டே போயிற்று. உலகத்தில் எந்தச் சந்தையிலும் நடக்காத வியாபாரம். தரகர் மாசிலாமணி கூட, "நான் எத்தனையோ வீடு முடிச்சிருக்கேன். வாங்க வர்றவங்களை வீட்டுக்காரரே இப்படி அனுப்பி வைக்கிறதை இப்பத்தான் பாக்கிறேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

ஐப்பசி போய்க் கார்த்திகை வந்தது. மழை பிடித்துக்கொண்டது. கதவு இன்னும் கொஞ்சம் உப்பிற்று.

ஒரு நாள் மத்தியானம் அகிலாண்டத்தை முழங்கால் டாக்டரிடம் அழைத்துக்கொண்டு தாயுமானவன் போயிருந்தார். வீட்டில் ஆளில்லை. அப்போது சண்டை வெடித்தது. ஆரம்பித்தது மணிதான்.

"பன்னெண்டு பேர் வந்தாங்க. பன்னெண்டு பேரையும் நான்தான் கூப்பிட்டு விட்டேன். ஒருத்தர் தங்கினாங்களா? எல்லாம் உங்களாலதான். அவர் உங்களைச் செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கார்."

"என்ன கெட்டுப்போச்சு?" என்று சுவிட்ச் சீறியது. "ரெண்டாவது தட்டுல எரியறேனா இல்லையா?"

"யாரு கை பட்டாலும் எரியணும். யாரு தள்ளினாலும் திறக்கணும். அதுக்குப் பேர்தான் வீடு. ஒருத்தர் கைக்கு மட்டும் வேலை செஞ்சா எப்படி? இது என்ன, அவர் வளக்குற நாய்க்குட்டியா?"

கொல்லையிலிருந்து மோட்டார் உறுமியது. "அந்த மூணு தட்டு எனக்கு அடின்னு நினைச்சியா? அது கொஞ்சுறது. உனக்கெங்கே தெரியப் போகுது, உன்னைத்தான் அவர் தொட்டதே இல்லையே."

மோட்டார் சொன்னது கொஞ்சம் அதிகம்தான். கதவுக்கே பாவமாக இருந்தது.

"விடுப்பா" என்றது கதவு. "மணி சொல்றதுல உண்மை இருக்கு. ஆனா நான் என்ன செய்யட்டும்? எனக்கு அந்தத் தோளை விட்டா வேற தோள் தெரியாது. புதுசா ஒருத்தர் வந்து தள்ளினா என் உடம்பே இறுகிப்போகுது. வேணும்னு செய்யலை."

அப்போது தரையோரமாக ஒரு மெல்லிய குரல் கேட்டது.

"நான் ஒண்ணு சொல்லலாமா?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அருவிக் காலண்டருக்குப் பின்னாலிருந்து ஓதம். இத்தனை வருடத்தில் அது பேசி யாரும் கேட்டதில்லை.

"என்னால வீடு விக்கலைன்னு எல்லாரும் நினைக்கிறீங்க. ஆனா என்னை ஒருத்தரும் பாக்கவே இல்லையே! என்னைப் பாத்துப் பயந்து போனவங்க யாரும் இல்லை. காலண்டரைப் பாத்துத்தான் பயந்தாங்க. பின்னாடி என்ன இருக்கோ, ஏது இருக்கோன்னு அவங்களா நினைச்சுக்கிட்டது என்னைவிடப் பெருசு. நான் இருக்கிறது ரெண்டு முழம். அவங்க மனசுல நான் வீடு முழுக்க இருக்கேன்."

"நான் என்ன பண்ணுவேன்? மாட்டினாங்க, தொங்கறேன்" என்று காலண்டர் கோபித்துக்கொண்டது. ஆனால் காற்றே இல்லாதபோதும் லேசாக விலகி, ஓதத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம் விட்டது. நல்ல மனசுதான் அதற்கு.

வெளியே ஆட்டோ வந்து நின்றது. தோள் இடித்தது. கதவு 'ம்' என்றது.

உள்ளே வந்து உட்கார்ந்த அகிலாண்டம், செருப்பைக் கூடக் கழற்றாமல் சொன்னாள்: "ஏங்க, ஞாயித்துக்கிழமை ஒரு பார்ட்டி வருதாம். அன்னிக்கு நாம கரூர் போறோம்."

"பார்ட்டி வரும்போது நான் இல்லாம எப்படி? வீட்டைப் பத்தி யாரு எடுத்துச் சொல்றது?"

"நீங்க எடுத்துச் சொன்ன லட்சணம்தான் தெரியுதே. பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட அப்பனே உக்காந்து மணிக்கணக்காப் பேசிட்டிருந்தா அவங்க பொண்ணை எப்பப் பாக்கிறது? சாவியை மாசிலாமணிகிட்ட குடுத்துட்டு வாங்க."

தாயுமானவன் அரை நாள் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு இன்னொரு சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பும்போது, கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு, வெளுத்த அந்த இடத்தில் ஒரு நிமிஷம் உள்ளங்கையை வைத்தார்.

"மானத்தை வாங்கிடாதே" என்றார் மெதுவாக.



பத்து மணிக்கு வந்தவர்கள் இரண்டு பேர். செலின் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் கணவர் சவரிமுத்து டவுன் பஸ் ஓட்டுகிறவர், நல்ல உயரம். தரகர் மாசிலாமணிக்கு அன்று வேறு இடத்தில் வேலை. அதனால் சாவியை மட்டும் கொடுத்து, "நீங்களே பாத்துட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

பூட்டுத் திறந்தது. கதவு திறக்கவில்லை.

செலின் தள்ளினாள். சவரிமுத்து தள்ளினார். இரண்டு பேரும் சேர்ந்து தள்ளினார்கள். இரவெல்லாம் மழை பெய்திருந்தது. கதவு உப்பிப்போய், நிலையோடு நிலையாக நின்றது.

"வேற சாவி குடுத்துட்டாரு போல. வா, போயிடலாம்" என்றார் சவரிமுத்து.

"பூட்டுத்தான் திறந்துடுச்சே."

"அப்ப கதவு சரியில்லை. கதவே இப்படின்னா உள்ளே எப்படி இருக்குமோ. எட்டு மணி ட்ரிப்பை மாத்திக்கிட்டு வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

அவர் இரண்டு படி இறங்கிவிட்டார். கதவுக்குப் பதறியது. விறகுக் கட்டுக்கு மேலே மல்லாந்து போன பக்கத்து வீட்டுக் கதவு கண்முன்னால் வந்தது. முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக, கவ்வியிருந்த பிடியைத் தானாகவே விட்டுவிடப் பார்த்தது. முடியவில்லை. ஈரம் ஏறிய மரம், அதன் பேச்சை அதுவே கேட்கவில்லை. 'போகாதீங்க, போகாதீங்க' என்று உள்ளுக்குள் கத்தியது. ஒரு கீச்சுச் சத்தம்கூட வெளியே வரவில்லை.

மேகம் விலகி வெயில் விழுந்தது. செலின் போகத் திரும்பினவள், நின்றாள்.

"ஏங்க, இங்கே பாருங்க. இந்த இடம் மட்டும் தேஞ்சிருக்கு."

"அதுக்கென்ன?"

"கையால தள்ளினா இவ்வளவு மேலே தேயாது. கை வைக்கிற இடம் கீழே இருக்கு." அவள் தன் தோளை அதற்கு நேரே வைத்துப் பார்த்தாள். எட்டவில்லை. "உங்க உயரத்துக்கு யாரோ ஒருத்தர் தினமும் இங்கே தோளைக் குடுத்திருக்காரு. வாங்க, நீங்க வைங்க."

சவரிமுத்து அலுத்துக்கொண்டே ஏறி வந்தார். தோளை வைத்தார். அச்சில் வார்த்த மாதிரி பொருந்தியது. செலின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினாள். அவர் ஓர் இடி இடித்தார்.

"ம்" என்றது கதவு.

வேற்றுத் தோள்தான். கதவுக்கு முதலில் கூச்சமாக இருந்தது. ஆனால் நாள் முழுக்க ஸ்டியரிங் பிடித்து இறுகின அந்தத் தோளும் வீட்டுக்கு வரத் துடிக்கிற தோள்தான் என்று அதற்குப் புரிந்தது.

உள்ளே செலின் ஒவ்வொன்றையும் தொட்டாள். தடுக்க யாரும் இல்லை. சுவிட்சைத் தட்டினாள், எரியவில்லை. மறுபடி தட்டினாள், எரிந்தது. "சரி, உனக்கு ரெண்டு தடவை சொல்லணும்" என்றாள். சுவிட்சுக்கு வெட்கம் வந்துவிட்டது. மோட்டாரைப் போட்டாள். அது 'ஙொய்' என்று முனகியதோடு நின்றது. சவரிமுத்து, பழைய பஸ்களோடு பழகின கையல்லவா, யோசிக்காமல் அதன் தலையில் தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. தண்ணீர் ஏறியது.

கடைசியாக அவள் காலண்டரிடம் வந்தாள். குனிந்தாள். எடுத்தாள்.

ஓதம் சுவருக்குள் ஒடுங்கிக்கொண்டது. வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"பாத்தியா, இதைத்தான் மறைச்சிருக்காங்க" என்றார் சவரிமுத்து.

செலின் அந்த இடத்தில் கையை வைத்தாள். காய்ச்சலுக்கு நெற்றி தொட்டுப் பார்ப்பது போல வைத்துப் பார்த்தாள். பிறகு கொல்லைப்பக்கம் போனாள். சற்று நேரத்தில் அவள் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"இங்கே வாங்களேன்! துவைக்கிற கல்லைச் சுவரை ஒட்டிப் போட்டிருக்காங்க. துணி துவைக்கிற தண்ணியெல்லாம் நேரா அந்த இடத்துக்குத்தான் போகுது. கல்லை நாலடி தள்ளிப் போட்டா சரியாப்போகும்."

திரும்பி வந்தவள் ஓதத்தைப் பார்த்தாள். "எங்க ஆஸ்பத்திரிக்கும் வருவாங்க, எங்கே வலிக்குதுன்னு சொல்லாம மூடி மூடி வச்சுக்கிறவங்க. அவங்களைப் பாத்தாத்தான் பயமா இருக்கும். உன்கிட்ட என்ன பயம்?" என்றாள். காலண்டரைப் பழையபடியே மாட்டிவிட்டாள்.

பரம சாதுவான அந்த ஓதம் அன்று அழுதது. ஏற்கெனவே ஈரமாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் தாயுமானவன் இருக்கும்போதே இரண்டு பேரும் வந்தார்கள். அவர் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"சார், சுவிட்ச் ரெண்டு தட்டு தட்டினாத்தான்..." என்று செலின் ஆரம்பித்தாள்.

"சுவிட்சையா குறை சொல்றீங்க? அப்ப விலையில இன்னும் ஒரு..."

அடுப்படியிலிருந்து அகிலாண்டம் கனைத்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

"குறை சொல்லலை சார். தெரிஞ்சுக்கிட்டேன். மோட்டாருக்கு மூணு தட்டு, சுவிட்சுக்கு ரெண்டு, சரிதானே?"

தாயுமானவன் அவளை உற்றுப் பார்த்தார். "கதவு? கதவை எப்படித் திறந்தீங்க? மழையில அது என்னைத் தவிர யாருக்கும் திறக்காதே."

"உங்க தோள் வச்ச இடம் தேஞ்சு போயிருந்துச்சு சார். அதுல இவரு தோளை வச்சாரு."

பேச்சுக்குப் பேர்போன மனுஷர், எதிரே இருந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய், முழங்காலை மடக்கி, காலண்டரைத் தானே கழற்றினார்.

"இதையும் பாத்துக்கங்கம்மா. மறைச்சது தப்புதான். பாத்ரூம்லயும் மூணு டைல்ஸ் ஆடுது. மாடியில ஒரு மூலையில தண்ணி நிக்கும்."

"ஓதத்தை நேத்தே பாத்துட்டேன் சார். துவைக்கிற கல்லைத் தள்ளிப் போட்டா அது போயிடும்."

"அடி ஆத்தே!" என்று அகிலாண்டம் வெளியே வந்தாள். "முப்பத்தொரு வருஷமா அந்தக் கல்லுலதாம்மா துவைக்கிறேன். இவரு அதுக்கு வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிக்கிறாரு."

முதலில் சிரித்தது சவரிமுத்து. கடைசியில் சிரித்தது தாயுமானவன். ஆனால் அதிக நேரம் சிரித்தது அவர்தான்.

"விலை மொதல்ல சொன்னதுதான். நடுவுல ஏத்தின லட்சமெல்லாம் என் கோவம். அதை நீங்க வாங்க வேண்டாம்" என்றார்.

மார்கழி பிறப்பதற்குள் பத்திரம் முடிந்தது. வீட்டுக் காகிதங்களைத் தபால் பையில் தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தார் மனுஷர். பழைய குடிநீர் இணைப்புச் சீட்டு ஒன்றுதான் அகப்படவில்லை. "கிடைச்சதும் நானே நேர்ல கொண்டாந்து தர்றேன். தபால்ல அனுப்ப மாட்டேன், தொலைஞ்சுடும்" என்றார் அந்தத் தபால்காரர்.

தை பிறந்தது. அடுக்குமாடிக்காரர் வந்தார். மாடியில் செலினின் குழந்தைகளுடைய பள்ளிச் சட்டைகள் காய்வதைப் பார்த்துவிட்டு, காரை விட்டே இறங்காமல் போனார். அன்று கதவு நிம்மதியாகத் தூங்கியது.

மாசியில் செலின் ஒரு தச்சரைக் கூட்டிவந்தாள். "கீழ்மூலையைக் கொஞ்சம் சீவி விடுங்க. பசங்க ஸ்கூல் விட்டு வந்தா திறக்க முடியலை."

கதவு கண்ணை மூடிக்கொண்டது. இழைப்புளி ஓடியது. வலித்தது என்று சொல்ல முடியாது, ஆனால் முப்பத்தொரு வருடப் பிடிவாதம் சுருள் சுருளாகத் தரையில் விழுந்தது.

"புதுசா வார்னிஷும் அடிச்சுடவாம்மா?" என்று தச்சர் கேட்டார்.

"அடிங்க. அந்த வெளுத்த இடத்தை மட்டும் விட்டுடுங்க."

பங்குனி வெயிலில் ஒரு நாள், படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஆறு படி. கடைசிப் படியில் மட்டும் ஒரு சின்ன இழுப்பு. கதவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்த நடையை அது மறக்குமா?

தாயுமானவன் கையில் ஒரு பழுப்பு உறை. அகப்படாமல் போன சீட்டு. மத்தியான வெயிலில் வேர்த்து, ஏதோ யோசனையாக வந்தவர், யோசிக்காமலே கைப்பிடியைத் தூக்கி, வலது தோளைக் கொடுத்து ஓர் இடி இடித்தார்.

கதவு தாங்கிப் பிடிக்கத்தான் பார்த்தது. அவருக்காக ஒரே ஒரு தடவை இறுகிக்கொள்ளப் பார்த்தது. ஆனால் சீவிய மரம், பங்குனி மாதம், தாழ் வேறு போடவில்லை. ஒரு முனகலும் இல்லாமல் அகலத் திறந்துகொண்டது.

அவர் தடுமாறி இரண்டடி கூடத்துக்குள் போய் நின்றார்.

கூடத்தில் யாரும் இல்லை. அடுப்படியில் யாரோ தாளிக்கிற வாசனை வந்தது. அகிலாண்டத்தின் தாளிப்பு இல்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது, சுவிட்சும் புதிது. தெற்குச் சுவரைப் பார்த்தார். ஓதம் இருந்த இடத்தில் உலர்ந்துபோன ஒரு வெள்ளைக் கோடு மட்டும் மிச்சம். வீடு நன்றாக இருந்தது. அவர் வைத்திருந்ததைவிட நன்றாக இருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது அவருக்கு. கண்தான் கலங்கிவிட்டது.

பத்திர ஆபீசில் கையெழுத்துப் போட்டார், சாவியைக் கொடுத்தார், லாரியில் சாமான் ஏற்றினார். அப்போதெல்லாம் விற்காத வீட்டை இப்போதுதான் விற்றார்.

சத்தமில்லாமல் பின்வாங்கி வாசலுக்கு வந்தார். பிறத்தியார் வீட்டுக் கதவை இழுத்துச் சாத்துகிற பதவிசோடு, இரண்டு கையாலும் இழுத்துச் சாத்தினார். வெளுத்த இடத்தில் ஒரு நிமிஷம் உள்ளங்கையை வைத்தார்.

"மானத்தைக் காப்பாத்திட்டே" என்றார்.

பிறகு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, உறையைச் சரியாகப் பிடித்துக்கொண்டு, முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக அந்த மணியை அழுத்தினார். மணி எத்தனையோ வருடமாகச் சேர்த்து வைத்திருந்த குரலையெல்லாம் எடுத்துக் கூவியது.

உள்ளேயிருந்து செலின், "யாரு?" என்று கேட்டாள்.

தாயுமானவன் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"போஸ்ட்!"